புரோக்னாஸ்டிக் மார்க்கர்: கணிப்பானா, குறியா?

பெண் நாயின் மடியில் வந்த புற்றுக்கட்டியை அறுத்து லேபுக்கு அனுப்பினால், வரும் ரிப்போர்ட்டில் ‘புரோக்னாஸ்டிக் மார்க்கர்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். இதைத் தமிழில் ‘முன்கணிப்பான்’ என்று எழுதுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. கணிப்பது மருத்துவர். கட்டியில் இருப்பது வெறும் அடையாளம்தான்.

கிரேக்கத்தில் ‘புரோ’ என்றால் முன், ‘க்னோசிஸ்’ என்றால் அறிதல். டயக்னோசிஸும் இதே வேரில் வந்ததுதான். அது வந்திருப்பது என்ன நோய் என்று பிரித்தறிவது, புரோக்னோசிஸ் அந்த நோய் இனி எந்தப் பக்கம் போகும் என்று முன்பே அறிவது.

நாய்க்குப் பெரும்பாலும் 5 ஜோடி முலைகள். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வரும்போது விரலடியில் பட்டாணி மாதிரி ஒன்று உருளும், அதை அளவுகோல் வைத்து அளப்பார்கள். 3 செ.மீ.க்குக் குறைவு, 3 முதல் 5 வரை, 5க்கு மேல் என்று மூன்று படிகள், பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசம். அப்புறம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா என்பது, அளவைவிடக் கனமான சேதி. மைக்ரோஸ்கோப்பில் செல்களின் உருக்குலைவையும், எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன என்பதையும் பார்த்துத் தரம் 1, 2, 3 என்று போடுவார்கள், 3 தான் மோசம். கே.ஐ-67 என்ற புரதமும் பார்ப்பதுண்டு. பிளவுச் சுற்றில் இருக்கும் செல்லில் அது தெரியும், ஓய்ந்து கிடக்கும் செல்லில் தெரியாது. பெயரில் உள்ள ‘கே.ஐ’ ஜெர்மனியின் கீல் நகரம், 67 அங்கே அந்தப் புரதத்தைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) கண்டெடுத்த ஆய்வகத் தட்டில் இருந்த குழியின் எண்.

இவை எல்லாமே குறிகள். சித்த மருத்துவத்தில் நெய்க்குறி உண்டே, நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்த்து நோய் தீருமா தீராதா என்று சொல்வது. குறி என்ற சொல் நம்மிடம் இந்த வேலையை எப்போதோ செய்திருக்கிறது. அதனால் ‘நோய்ப்போக்குக் குறி’ என்பதே என் தேர்வு. இன்ன மருந்து கேட்குமா என்று காட்டும் ‘பிரிடிக்டிவ் மார்க்கர்’ வேறு, அதற்கு ‘மருந்துப்பலன் குறி’ என்று வைக்கலாம். இரண்டையும் முன்கணிப்பு என்றே எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

“நோய்ப்போக்குக் குறிகள்: அளவு 2 செ.மீ., நிணநீர் முடிச்சில் பரவவில்லை, தரம் 1.” இப்படி எழுதிக் கொடுத்தால், நாயை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு யாரையும் கேட்காமலே புரியும்.