சாண எரிவாயுக் கலனுக்கு ஒன்றிய அரசு தரும் மானியம்: கடலூர், புதுச்சேரி மாடு வளர்ப்போருக்கு ஒரு விளக்கம்

ஒன்றிய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டம், 2021 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. கழிவிலிருந்து எரிசக்தி, பயிர்க்கழிவு எரிபொருள், சாண எரிவாயு என்று அதற்கு மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் தொழில் முனைவோருக்கானவை. கொட்டகையில் நான்கு மாடு கட்டியிருக்கும் குறிஞ்சிப்பாடி அல்லது காட்டுமன்னார்கோயில் குடும்பத்துக்கு நேராக உதவுவது மூன்றாவது பிரிவுதான். ஊரில் இன்றும் கோபர் கேஸ் என்றே சொல்கிறார்கள்.

நாளொன்றுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரை எரிவாயு தரும் கலன்கள் சிறிய கலன்கள் எனப்படுகின்றன. திட்ட வழிகாட்டுதலின்படி, மலைப்பகுதி போன்ற சிறப்புப் பிரிவில் சேராத மாநிலங்களில் 1 கன மீட்டர் கலனுக்கு 9,800 ரூபாயும், 2 முதல் 4 கன மீட்டர் வரையிலான கலனுக்கு 14,350 ரூபாயும், 20 முதல் 25 கன மீட்டர் கலனுக்கு 52,800 ரூபாயும் மானியம். 2 கன மீட்டர் கட்டினாலும் 4 கன மீட்டர் கட்டினாலும் கைக்கு வருவது ஒரே தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிதாகக் கட்டினால் கூடுதல் செலவு முழுவதும் கட்டுகிறவர் தலையில்தான் விழும். மானியம் என்பது கலன் கட்டி முடிந்து, வாயு வந்து, ஆய்வும் முடிந்த பிறகு பயனாளியின் வங்கிக் கணக்கில் சேரும் தொகை என்பதால், செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாவற்றுக்கும் முதலில் கையிலிருந்து பணம் போட வேண்டியிருக்கும். செலவு முழுவதையும் மானியம் ஈடுகட்டும் என்று எண்ணி இறங்குவது தவறு.

எத்தனை கன மீட்டர் கட்டுவது என்பதை மானியப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது; நாள்தோறும் கூடையில் விழும் சாணத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 1 கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ ஈரச்சாணம் தேவை. ஒரு பசு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். எருமை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இடும். ஆக, 2 கன மீட்டர் கலனுக்கு ஐந்து பசுக்கள் வேண்டும். அதுவும் கொட்டகையிலேயே கட்டித் தீனி போடும் மாடுகளுக்கான கணக்கு. பகலில் வயல்வெளியில் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் வீடு திரும்பும் மாடு என்றால் கைக்குக் கிடைக்கும் சாணம் பாதிதான். மூன்று மாடு வைத்துக்கொண்டு 3 கன மீட்டர் கலன் கட்டியவர் வீட்டில் அடுப்பு காலையில் எரியும், மாலையில் அணையும். பிறகு கோபர் கேஸே சரியில்லை என்று பேச்சு பரவும். வெயிலையும் காற்றையும் நம்பாமல் இரவிலும் மழையிலும் வாயு தருவதுதான் இந்த முறையின் பலம். ஆனால் அந்தப் பலம் நாள் தவறாமல் போடும் சாணத்தில் இருக்கிறதே தவிர, கட்டிய கலனில் இல்லை.

பயன் என்ன என்று கேட்டால், 1 கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்கு இணையானது. முழு அளவில் ஓடும் 2 கன மீட்டர் கலன், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்தை ஏறத்தாழ 16 நாளில் தந்துவிடும். வாயு போக வெளியே வரும் சாணக் குழம்பையும் வரவில் சேர்க்க வேண்டும். தழைச்சத்து பெருமளவு அழியாமல் இருப்பதால் நெல்லுக்கும் கரும்புக்கும் வாய்க்கால் நீரோடு கலந்து விடலாம். களை விதைகளும் பெரும்பாலும் முளைப்புத் திறனை இழந்துவிடுகின்றன.

இடம் தேர்வதில் கடலூர் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1984-இல் உருவாக்கப்பட்ட தீனபந்து வகைக் கலன் முழுவதும் மண்ணுக்குள் இருக்கும். செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலத்துக்கு அது பொருந்தும். வீராணத்துப் பாசனப் பகுதியிலும், கெடிலம், பரவனாறு கரையோரங்களிலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கே ஏறிவிடுவதால், அங்கே ஆழக் குழி தோண்டிக் கட்டுவது வேலையையும் கெடுக்கும், சுவரில் கசிவையும் உண்டாக்கும். அத்தகைய இடங்களில் தரையை மேடாக்கிக் கட்டும் மிதக்கும் கலன் வகையையோ (வாயு சேரும் மூடி சாணக் குழம்பின் மேல் மிதக்கும் வகை), அமைச்சகம் ஏற்றுக்கொண்டுள்ள ஆயத்த வகைகளில் ஒன்றையோ கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த வகையானாலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; கொட்டகைக்கும் அடுப்படிக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும். சாணம் சுமக்கும் தூரம் கூடக் கூட, சுமப்பதற்கான ஆர்வம் குறைந்துவிடும்.

முதல் நிரப்பைப் பற்றிப் பலரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 40 நாள் சாணம் தங்கும் கணக்கில் கட்டிய 2 கன மீட்டர் கலனுக்குத் தொடக்கத்தில் 2 டன் சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லி வைத்துச் சேர்ப்பதே வழக்கம். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து சில குடம் குழம்பு வாங்கிக் கலந்தால் வாயு விரைவில் பிடிக்கும்.

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தத்தம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கலாம். புதுச்சேரியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை இருக்கிறது. ஆதார், வங்கிக் கணக்கு, இடத்துக்கான உரிமை ஆவணம் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. திட்டக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதாக வகுக்கப்பட்டிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்த அறிவிப்பு நடைமுறையில் உள்ளது, அதில் தொகை எவ்வளவு என்று கேட்டுத் தெளிந்த பிறகே குழி வெட்ட வேண்டும். கட்டித் தருபவரிடம் 5 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது.

ஊர்ப் பொதுக் கலன் வேண்டுவோர் 25 முதல் 2,500 கன மீட்டர் வரையிலான நடுத்தர வகையைப் பார்க்க வேண்டும். அதில் மின்சாரம் எடுத்தால் கிலோவாட்டுக்கு 35,000 முதல் 45,000 ரூபாய் வரை மானியம் குறிக்கப்பட்டுள்ளது. 25 கன மீட்டருக்கே 60 மாடுகளுக்கு மேல் வேண்டும் என்பதால், பால் கூட்டுறவுச் சங்கமோ கோசாலையோ பொறுப்பேற்காத ஊரில் இது நிலைப்பது கடினம். சாணம் கொண்டுவருபவருக்கு என்ன கிடைக்கும், குழம்பு யாருக்கு உரியது என்பதை முதலிலேயே கிராம சபையில் பேசி முடிக்காமல் தொடங்கக் கூடாது.

பயிர்க்கழிவை அழுத்தி எரிபொருள் குச்சிகளும் (பெல்லட்) கட்டிகளும் (பிரிக்கெட்) செய்வோருக்கும் இதே திட்டத்தில் உதவி உண்டு. நம் பக்கம் வைக்கோலைக் கழிவு என்று கணக்கில் எழுதுவது சரியல்ல. அது மாட்டுத் தீனி, கட்டு விலைக்குப் போவது. வயலிலேயே கொளுத்தப்படும் கரும்புச் சோகையும் சவுக்குத் தோப்பில் மிஞ்சும் மிலாறும் (சிறு கிளைகளும்) கணக்கில் வரலாம். கரும்புச் சக்கையை ஆலைகளே எரித்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. ஒரே எரிபொருளில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சேர்த்து எடுக்கும் இணைமின் உற்பத்திக்கு இத்திட்டம் தரும் உதவியும் சக்கை அல்லாத எரிபொருளுக்கு மட்டுமே உரியது.