மவுண்ட்: ஏற்றுவதா, பூட்டுவதா?

கல்முனையில் ஒரு அலுவலகத்தில் இரண்டு சேர்வர்களை இணைத்துக்கொண்டிருந்தபோது கூட நின்ற தம்பி கேட்டான்: "அண்ணா, மவுண்டுக்குத் தமிழ் என்ன?" "ஏற்றுறது" என்றேன். சொன்னதுமே எனக்குப் பிடிக்கவில்லை.

மவுண்ட் என்பது ஒரு வட்டையோ வேறு கணினியிலுள்ள அடைவையோ (ஃபோல்டர்) நம் கணினியின் ஓர் அடைவில் திறக்கும்படி இணைப்பது. இச்சொல்லின் வேர் லத்தீனில் மலையைக் குறிக்கும் 'மோன்ஸ்'. மலை ஏறுவது, குதிரை ஏறுவது என்று போய், ஒன்றை இன்னொன்றில் பொருத்துவது வரை வந்தது. கணினிக்குள் நுழைந்த காலத்தில் இதில் கைவேலையும் இருந்தது: நாடாச் சுருளைத் தூக்கி இயந்திரத்தில் மாட்ட ஒரு ஆள் வேண்டும். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதல் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை உண்டு. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறையான என்.எஃப்.எஸ்ஸை உருவாக்கியபின் தூக்க ஒன்றுமில்லை. வட்டு அடுத்த அறையில் இருக்கும்; அதிலுள்ள அடைவு நம் கணினியின் அடைவு போலவே திறக்கும்.

'ஏற்று' ஏன் சரிவராது? பதிவேற்றம் ஏற்கெனவே அந்தச் சொல்லைப் பிடித்துவிட்டது. தருகிற சேர்வரில், மற்றக் கணினிகள் எடுக்கும்படி அடைவைத் திறந்துவிடும் எக்ஸ்போர்ட்டையும் ஏற்றுமதி என்றால், கொடுப்பவனும் ஏற்றுகிறான், எடுப்பவனும் ஏற்றுகிறான்! ஏற்றுமதியில் சரக்கு துறைமுகத்தை விட்டுப் போய்விடும்; இங்கே கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் 'பகிர்' போதும்.

எங்கள் பக்கத்துச் சொல் 'பூட்டு'. வண்டிலில் மாடு பூட்டுவோம், சைக்கிளுக்குச் சில்லு பூட்டுவோம், கிணற்றுக்கு மோட்டர் பூட்டுவோம். மவுண்டுக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் 'லாக்'கும் என்.எஃப்.எஸ்ஸில் உண்டு, அதுவும் பூட்டுதான். அதனால் மனமில்லாமல் 'பொருத்து' என்கிறேன், அன்மவுண்டுக்குக் 'கழற்று'. மவுண்ட் வந்து சேரும் அடைவான மவுண்ட் பொயின்ட், 'பொருத்துமிடம்'.

பொருத்தாதபோது பொருத்துமிடம் நம் கணினியின் சொந்த வட்டிலுள்ள வெறும் அடைவு. அதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒருநாள் கரண்ட் போய் வந்தது. கோப்புச் சேர்வர் எழும்புமுன் மற்றது எழும்பிவிட்டதால் மவுண்ட் ஆகவில்லை. யாரும் கவனிக்கவில்லை. இரவுப் பேக்கப் பேசாமல் அந்த வெற்று அடைவுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது. அப்புறம் யாரோ கையால் மவுண்ட் செய்ய, எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துவிட்டது. வட்டு நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது, அடைவுகளைக் கூட்டினால் பாதியும் வரவில்லை. கடைசியில் கழற்றிப் பார்த்தேன். மூன்று இரவுப் பேக்கப்பும் அங்கேயே கிடந்தது.