வீட்டு வேலைக்கு முதன்முதலாக ஆள் வைக்கிறீர்களா? மணிக்கூலியும் நல வாரியப் பதிவும்

தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தும்போது பேச்சு வழக்கமாக இப்படித்தான் போகும்: பாத்திரம் துலக்க இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணியும் சேர்ந்தால் இவ்வளவு. பக்கத்து வீட்டில் என்ன தருகிறார்களோ அதுவே கூலி. அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் வருவதேயில்லை. இந்த வேலைக்கு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. இந்த வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு நல வாரியமும் இருக்கிறது. முதன்முதலாக ஆள் வைப்பவர்கள் இவ்விரண்டையும் தெரிந்துகொண்டு பேச உட்கார்ந்தால் நல்லது.

முதலில் கூலி. வீட்டு வேலைக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு 2018-இல் அறிவித்தது. பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் துலக்குவது போன்ற வேலைகளுக்கு மணிக்கு 37 ரூபாய். திறன் கூடிய வேலைகளுக்குச் சற்றே அதிகம். வீட்டிலேயே தங்கி வேலை செய்பவருக்கு 10 சதவீதம் கூடுதல். இதில் கவனிக்க வேண்டியது, அரசின் கணக்கு மணிக்கணக்கு என்பது. தினமும் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேரம். 2018-இன் அடிப்படையில் 1,924 ரூபாய். இதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் இதன் பொருள். இவ்வளவு கொடுத்தால் போதும் என்பதல்ல. அரிசி விலை, வாடகை, பஸ் செலவு எல்லாம் அதற்குப் பிறகு எங்கே போய்விட்டன என்று நமக்கே தெரியும்.

மணிக்கணக்கில் பேசுவதால் இன்னொரு நியாயமும் கிடைக்கிறது. விருந்தினர் நான்கு பேர் வந்தால் தொட்டியில் பாத்திரம் இரண்டு மடங்காகிவிடும். "பாத்திரத்துக்கு இவ்வளவு" என்று பேசியிருந்தால் அந்தக் கூடுதல் நேரம் யார் கணக்கிலும் வராது. எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், அதற்குமேல் வேலை இருந்தால் எவ்வளவு என்று தொடக்கத்திலேயே பேசிவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை.

அடுத்தது நல வாரியம். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டத்தின்கீழ், 2007-இல் தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் உறுப்பினராகலாம். கட்டணம் இல்லை. பிள்ளைகளின் கல்விக்கு, திருமணத்துக்கு, மகப்பேற்றுக்கு, கண்கண்ணாடி வாங்க உதவித்தொகை உண்டு. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு நிதி, 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம். இவற்றில் எதையும் யாரும் தானமாகத் தரவில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வீட்டைச் சுத்தம் செய்தவருக்கு முதுமையில் சேர வேண்டிய உரிமை அது.

இவ்வளவு இருந்தும் பலர் பதியாமல் இருப்பது ஏன்? நாள் முழுக்க மூன்று நான்கு வீடுகளுக்கு ஓடுபவருக்கு இணையத்தில் விண்ணப்பிக்க நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கைப்பேசிக்கு வரும் எண்ணைப் பார்த்துப் பதிவிட வேண்டும். இந்தத் தொழிலில்தான் இருக்கிறார் என்பதற்குச் சான்றும் வேண்டும். இந்த இடத்தில்தான் வேலை கொடுக்கும் வீட்டுக்காரர் உதவ முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை உட்கார வைத்து, தொழிலாளர் துறையின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, சான்றில் கையெழுத்திட்டுத் தாருங்கள். இணையத்தில் சிக்கல் என்றால், மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். உறுப்பினர் அட்டையைக் காலம் தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, உதவி தேவைப்படும் நாளில் அட்டையை எடுத்துக்கொண்டு அலைபவர்கள் நிறையப் பேர்.

அவருக்கு 40 வயதுக்குள் என்றால் மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டமும் பொருந்தும். மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அதே தொகையை அரசும் கட்டும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய். அந்தச் சிறு தொகையைச் சம்பளத்துக்கு மேல் நீங்களே தந்துவிட்டால் என்ன?

விடுமுறையும் தீபாவளிப் போனஸும் வழக்கத்தில்தான் நிற்கின்றன. வாரம் ஒரு நாள் விடுமுறை, உடம்புக்கு முடியாத நாளுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கழிவறை கழுவ ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ரப்பர் கையுறை வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

வயதைப் பற்றிச் சுருக்கமாக: 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம். வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "படிக்க வைக்கிறோம், கூடமாட உதவட்டும்" என்று சொல்லிச் சிறுமியை அழைத்து வருவதும் இதில் அடங்கும்.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடமாகவே கணக்கில் வருகிறது. வீட்டு வேலை செய்யும் பெண், மாவட்டத்தில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். முதல்நோக்கில் உண்மை இருப்பதாகத் தெரிந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுத்தில் கொடுக்கக் குழுவே உதவ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.