ரசமட்டம்: சொல் விளக்கம்

சென்னையில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்தால் காதில் விழுவதெல்லாம் ஈடேப்ஸ், ஸ்டாட், ஆட்டோகேட் என்ற மென்பொருள் பெயர்கள்தான். அதே பொறியாளர் வேளச்சேரியில் சைட்டுக்குப் போனதும் மேஸ்திரியிடம், "ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார். திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது அது ‘ஸ்பிரிட் லெவல்’ ஆகிவிடுகிறது. தேவையே இல்லாத மாற்றம்.

ஒரு பரப்பு கிடைமட்டமா என்று பார்க்கும் இந்தக் கருவி எளியது. லேசாக வளைந்த குழலில் திரவத்தை நிரப்பி, ஒரே ஒரு குமிழிக்கு இடம் விட்டு மூடியிருப்பார்கள். குமிழி எப்போதும் குழலின் உயரமான இடத்துக்கே போகும். நடுவிலுள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே நின்றால் பரப்பு கிடைமட்டம். வளைவு குறையக் குறைய நுட்பம் கூடும். நில அளவையில் கோணம் அளக்கும் தியோடலைட்டில் இருக்கும் குழல் மேஸ்திரியின் கையிலிருப்பதைவிட நுட்பமானது. 1802 ஏப்ரலில் பறங்கிமலை அருகே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் தன் பெரிய நில அளவையைத் தொடங்கினார். அந்த அளவைக்கு வந்த தியோடலைட் அரை டன் எடை. அத்தனை பெரிய கருவியையும் மட்டப்படுத்தித்தான் கோணம் பார்க்க முடியும்.

இனி பெயருக்கு வருவோம். குமிழி வைத்த மட்டத்தை 1660-களில் உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த மெல்கிசெதேக் தெவெனோ. குழலில் தண்ணீருக்குப் பதில் சாராயம் (ஆல்கஹால்) ஊற்றுவது வழக்கமானது. குளிரில் உறையாது, குமிழியும் ஒட்டாமல் நகரும். ‘ஸ்பிரிட்’ என்பது அந்தச் சாராயம்தான். லத்தீனில் மூச்சு என்று பொருள்பட்ட சொல், ரசவாதிகளின் கையில் காய்ச்சி வடித்த சாரத்தைக் குறிக்கத் தொடங்கியது. ‘லெவல்’ என்பதும் லத்தீன் வழி வந்ததே. லிபெல்லா என்றால் சின்னத் தராசு.

தமிழ்ப் பெயரும் ரசவாதியின் அடுப்பங்கரையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. ரசம் வடசொல், சாறு, சாரம் என்று பொருள். சித்த மருத்துவத்தில் ரசம் என்றாலே பாதரசம். ஆக, இரு மொழியிலும் பெயரின் முன்பாதி திரவத்தைச் சொல்கிறது, பின்பாதி வேலையைச் சொல்கிறது. கடையில் வாங்கும் ரசமட்டத்துக்குள் பாதரசம் இல்லை, மிளகு ரசமும் இல்லை. பச்சையோ மஞ்சளோ சாயம் கலந்த திரவம்தான். இலக்கணப்படி எழுதுவோர் ‘இரசமட்டம்’ என்பார்கள். ‘குமிழி மட்டம்’ என்று புதிதாக எழுதுவோரிடம் தப்பில்லை, ஆனால் கட்டடச் சாரத்தில் நிற்பவர் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது அதற்கு என்ன அவசரம்?

‘மட்டம்’ தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் கிட்டத்தட்ட இதே உருவில் உண்டு. நம் கட்டட வேலையில் அது ஒரு குடும்பத்தையே வைத்திருக்கிறது: செங்கோணம் பார்க்க மூலைமட்டம், பூச்சைச் சமப்படுத்த மட்டப்பலகை, தூரத்திலுள்ள இரண்டு தூண்களுக்கு ஒரே உயரம் குறிக்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம். செங்குத்துக்கு மட்டும் தனியாகத் தூக்குக்குண்டு. சுவர் 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் சாயக்கூடாது என்கிறது செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1905. வகுப்புக்கு மட்டம் போடுவதும், மட்டமான சரக்கும் இங்கே வேண்டாம்.

கருவி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே இடத்தில் வைத்துக் குமிழியைக் குறித்துக்கொண்டு, அப்புறம் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க, குமிழி அதே பக்கம் அதே அளவு தள்ளி நின்றால் சாய்வு தரையுடையது. எதிர்ப்பக்கம் தாவினால் கோளாறு கருவியில். போனில் உள்ள மட்டச் செயலிக்கும் இதே சோதனைதான், அதற்குள் குமிழியே இல்லை என்றாலும்.

மட்டத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘வாட்டம்’. தண்ணீர் ஓட வேண்டுமென்றே விடும் சாய்வு அது. மொட்டைமாடியிலும் குளியலறையிலும் குமிழி நடுவில் நின்றால்தான் தப்பு. பழைய வீட்டை ஆய்வு செய்யும்போது தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பதை ரசமட்டம் காட்டும். அஸ்திவாரம் இறங்கியதா, கட்டியவர் விட்ட வாட்டமா என்பதைக் காட்டாது. அதற்கு விரிசலைப் பார்க்க வேண்டும், தண்ணீர் முன்பு எந்தப் பக்கம் ஓடியது என்று வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.