போலீஸ் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதி. மாணவர் கோர்ட்டில் ஆஜராக முடியாது. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகள் பலவற்றின் தலையெழுத்து முதல் புகார் மனுவிலேயே முடிவாகிவிடுகிறது. அதை எழுத உதவ மாணவருக்கு எந்தத் தடையும் இல்லை.

'சாதியைச் சொல்லி ஆபாசமாகத் திட்டினார்' என்று எழுதினால் போதாது. என்ன வார்த்தை சொன்னாரோ அதையே, கூச்சப்படாமல் எழுதுங்கள். சாதிய அவமதிப்பையும் வசவையும் குற்றமாக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகளுக்குச் சம்பவம் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வீட்டுச் சுவர்களுக்குள் வெளியார் யாருமின்றிப் பேசியது இதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே டீக்கடை வாசலா, ரேஷன் கடை வரிசையா, சொந்தக்காரர் அல்லாத யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் மனுவில் இருக்கட்டும். இரு தரப்பின் சாதியும், புகார் தாமதமானால் அதற்கான காரணமும் வேண்டும்.

செந்தமிழ் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பேசுகிற மாதிரியே எழுதி, வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். தன் மனுவில் உள்ள சொல்லே புரியாமல் குறுக்கு விசாரணையில் அவர் விழித்தால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீதைக் கொடுத்து, 'விசாரிச்சிட்டுக் கூப்பிடுறோம்' என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. சாதிச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. அதைப் பிறகு கொடுக்கலாம். மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் மனு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையவில்லை என்றால் அடுத்தது கோர்ட்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கைக்கு வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள்: வன்கொடுமைச் சட்டத்தை விட்டுவிட்டுச் சாதாரண அடிதடிப் பிரிவுகளை மட்டும் போடுவதும் உண்டு. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக் கூடாது. 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஜாமீனில். வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் தர வேண்டும், அவர் தரப்பையும் கேட்க வேண்டும். வாய்தா தேதியை மாணவர் இ-கோர்ட்ஸ் தளத்தில் கவனித்து வரலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச வழக்கறிஞர் பெற வருமான வரம்பு கிடையாது; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், சட்ட உதவி எண் 15100க்கும் போன் போடலாம்.