புதுப்பந்துக்கு யாரை இறக்குவது?

2010 ஏப்ரலில், சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் ராயல்ஸை முரளி விஜய் பிரித்து மேய்ந்தார்: 56 பந்தில் 127. அதே விஜய் 2014-இல் இங்கிலாந்தின் டிரெண்ட் பிரிட்ஜில் 146 எடுக்க 361 பந்து எடுத்துக்கொண்டார். முதலாவது ஐபிஎல் டி20, இரண்டாவது டெஸ்ட். இரண்டிலும் புதுப்பந்தை முதலில் எதிர்கொள்ளும் ஓப்பனர்தான், ஆனால் பார்த்த வேலை வேறு வேறு.

வித்தியாசம் பந்திலிருந்தே தொடங்குகிறது. புதுப்பந்தின் தையலை லேசாகச் சாய்த்து வீசினால், ஒரு பக்கம் ஓடும் காற்று தையலில் இடறிக் கலங்குகிறது. கலங்கிய காற்று பந்தைச் சற்றுக் கூடுதல் தூரம் ஒட்டிக்கொண்டு போய்த்தான் பிரியும். வழவழப்பான மறுபக்கத்திலோ காற்று சீக்கிரமே விலகிவிடும். இந்த ஏற்றத்தாழ்வு பந்தைத் தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. இதுதான் ஸ்விங்.

இதில் பேட்ஸ்மேனுக்கு ஒரு வம்பு உண்டு. பந்து பக்கவாட்டில் விலகும் தூரம் நேரத்தின் இருமடியாக வளரும். தரையில் குத்துவதற்குள் 40 செ.மீ. விலகப்போகிற பந்து, பாதி நேரத்தில் 10 செ.மீ.தான் விலகியிருக்கும். மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து மட்டைக்கு வந்து சேர ஏறத்தாழ அரை நொடி. ஆக, மிச்ச 30 செ.மீ. விலகலில் பெரும்பகுதி, ஆடுவதா விடுவதா என்று அவர் முடிவெடுத்த பிறகுதான் நடக்கிறது.

அதனால்தான் டெஸ்டில் பந்தை விடத் தெரிந்தவனே ஓப்பனர். கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் மூன்று பேர் கேட்சுக்குக் காத்திருப்பார்கள், அடுத்த புதுப்பந்துக்கு 80 ஓவர் இருக்கிறது, விட்ட பந்துக்கு நஷ்டமும் கிடையாது. விஜய்க்குத் தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்று அத்துப்படி. வெளியே போகும் பந்துக்கு மட்டையை உயர்த்திவிட்டு, அது கீப்பர் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சேவாக் மட்டும் என்ன, விட்டுவிட்டா ஆடினார் என்று கேட்பீர்கள். நடுவரிசையில் தொடங்கி 2002 இங்கிலாந்து தொடரில் ஓப்பனர் ஆக்கப்பட்டவர், 2008-இல் இதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319 விளாசினார். ஸ்லிப்பில் ஆளை அடுக்கினால் மைதானத்தில் வேறெங்கோ காலியாகும். அந்தக் காலி இடம் அவர் கண்ணில் பட்டது. ஆனால் சேவாக்கை அளவுகோலாக வைத்துத் தேர்வு செய்தால் பத்தில் ஒன்பது பேர் முதல் மணி நேரத்திலேயே பெவிலியன் திரும்புவார்கள்.

டி20-இல் 120 பந்துக்குப் பத்து விக்கெட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து. அங்கே பந்தை விடுவது காசைக் கொட்டுவது. முதல் 6 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். உள்ளே நிற்பவர்களின் தலைக்கு மேல் தூக்கினால் பவுண்டரி. வெள்ளைப் பந்தின் ஸ்விங்கும் பெரும்பாலும் சில ஓவரில் அடங்கிவிடும். ஒருநாள் ஆட்டம் நடுவில் நிற்கிறது: விக்கெட்டுக்கு 30 பந்து, இந்த ஃபீல்டிங் கட்டுப்பாடு 10 ஓவர். ஐபிஎல் ரன் பட்டியலை வைத்து டெஸ்ட் ஓப்பனரைத் தேடுவது, என்னைக் கேட்டால், தப்பான கடையில் சாமான் கேட்பது.

புதுப்பந்து வேகப்பந்து வீச்சாளருக்கே சொந்தம் என்பதும் இல்லை. 2011 ஐபிஎல் இறுதிப் போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை டக் அவுட்டாக்கியவர் ஆஃப் ஸ்பின்னர் அஸ்வின். கெய்ல் போன்ற இடதுகைக்காரருக்கு அந்தப் பந்து வெளியே திரும்பும். இடது, வலது என்று ஓப்பனர்களைக் கலந்து இறக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சிங்கிள் எடுத்தால் போதும், அதே ஆஃப் ஸ்பின் எதிர்முனையிலிருந்து வரும் வலதுகைக்காரருக்கு உள்ளே வரும்.