ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் அழியும்: வீட்டில் சின்க்திங் வைப்பவர்கள் கவனிக்க

வாடகை ஒப்பந்தம், பெஸ்காம் பில், இ-காத்தா, ஊரில் இருக்கும் நிலப்பத்திரத்தின் ஸ்கேன். பெங்களூரில் குடியிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இவை போனில் பாதி, லேப்டாப்பில் பாதி என்று கிடக்கும். தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதுதான் பலருக்கும் தெரிந்த வழி. படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும், ஆறு மாதம் கழித்துத் தேடினாலோ அகப்படாது. இதற்கு மாற்றாகச் சிலர் சின்க்திங்குக்கு வருகிறார்கள். ஒரு ஃபோல்டரை எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும், அதாவது ஒத்திசைக்கும், திறந்த மூல மென்பொருள் இது; 2013-இல் யாகோப் போர்க் தொடங்கியது. கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனமோ சர்வரோ நடுவில் கிடையாது. உங்கள் கருவிகள் ஒன்றோடொன்று மறையாக்கத்துடன் பேசிக்கொள்கின்றன.

நிறுவுவது கால் மணி நேர வேலை. ஒவ்வொரு கருவிக்கும் நீளமான ஓர் அடையாள எண் இருக்கும். அதை க்யூஆர் மூலம் மற்ற கருவியில் சேர்த்து, இரு பக்கமும் ஒப்புதல் கொடுத்து, ஃபோல்டரைப் பகிர்ந்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டில் மட்டும் ஒரு மாற்றம்: அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பர் வெளியீட்டோடு நின்றுவிட்டது. இப்போது பயன்படுவது அதிலிருந்து கிளைத்த 'சின்க்திங்-ஃபோர்க்', எஃப்-டிராய்ட் என்ற திறந்த மூலச் செயலிக் கடையில் கிடைக்கும். ஐபோனில் அதிகாரப்பூர்வச் செயலியே இல்லை. மோபியஸ் சின்க் போன்றவை உண்டு. ஆனால் பின்னணியில் தொடர்ந்து ஓட ஐஓஎஸ் விடாது, அவ்வப்போது செயலியைத் திறந்து வைக்க வேண்டும்.

சிக்கல் வருவது இதற்குப் பிறகுதான். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. போனில் இடம் இல்லையென்று பழைய படங்களை அழிக்கிறீர்கள். அந்த அழிப்பும் ஒரு மாற்றம்தான். போன் வீட்டு வைஃபையைத் தொட்டதுமே அது மற்ற கருவிகளிலும் நடந்துவிடும். 'ரிசீவ் ஒன்லி' என்று வைத்திருக்கிறேனே என்பார்கள். அது தடுப்பது அந்தக் கருவியில் நடக்கும் மாற்றம் வெளியே போவதை மட்டும்தான். வெளியிலிருந்து வரும் அழிப்பை அது மறுப்பேதும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு லேப்டாப்பைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளும் அதே வழியில்தான் வந்து சேரும்.

இதற்கென்றே, பழைய பிரதிகளை எடுத்து வைக்கும் 'ஃபைல் வெர்ஷனிங்' இருக்கிறது. இயல்பில் அது அணைந்திருக்கும். அதைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: மற்ற கருவியிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே அது பழைய பிரதியை எடுத்து வைக்கும். லேப்டாப்பில் வெர்ஷனிங்கை இயக்கிவிட்டு, அதே லேப்டாப்பில் கோப்பை அழித்தால் அங்கே எதுவும் மிஞ்சாது. ஆகவே எப்போதும் இயங்கும் வீட்டுக் கருவி ஒன்று வேண்டும், வெர்ஷனிங் அதில் இருக்க வேண்டும். 'ஸ்டாகர்ட்' வகை பொருத்தமானது. முதல் ஒரு மணி நேரத்துக்கு 30 விநாடிக்கு ஒன்று, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, அதன் பின் வாரத்துக்கு ஒன்று என்று பிரதிகளைச் சலித்து வைக்கும். உச்ச வயது இயல்பில் 365 நாள்.

கேமரா படங்களுக்குப் போனில் 'சென்ட் ஒன்லி' வையுங்கள். மாதம் ஒருமுறை வீட்டுக் கருவியில் அந்தப் படங்களை ஒத்திசைவில் இல்லாத வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதைத் திறந்து பார்த்த பிறகு போனில் அழியுங்கள். நகர்த்த வேண்டாம், நகலெடுங்கள்.

வீட்டுக் கருவிக்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வாங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய லேப்டாப் இந்த ஊருக்கு இன்னும் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ். 15 வாட் இழுத்தாலும் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட்தான். ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். முதல் ஒத்திசைவை வீட்டுக்குள்ளேயே, முடிந்தால் கேபிள் போட்டுச் செய்யுங்கள். விலை குறைந்த ரவுட்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும். அதில் 100 ஜிபி போக இரண்டரை மணி நேரம் ஆகும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பகிரும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'எஸ்டிஃபோல்டர்' என்றொரு மறைந்த அடையாளத்தைச் சின்க்திங் வைக்கும். கரண்ட் போய் வந்த பின் டிஸ்க் இணையாமல் போனால், அடையாளம் காணவில்லை என்று பிழை காட்டி அந்த ஃபோல்டர் நின்றுவிடும். பிழை போகட்டும் என்று அந்த இடத்தில் கையால் ஒரு வெற்று அடையாளத்தை உருவாக்கிவிடாதீர்கள். எல்லாக் கோப்புகளும் அழிக்கப்பட்டதாக அது எடுத்துக்கொண்டு மற்றக் கருவிகளுக்கும் சொல்லிவிடும். முதலில் டிஸ்க்கை இணையுங்கள், பிழை தானாகப் போகும். போனிலோ கதை தலைகீழ்: 'கிளீனர்' செயலிகள் வெற்று ஃபோல்டர்களைத் துடைக்கும்போது இந்த அடையாளத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதற்குள் ஒரு சிறு உரைக்கோப்பைப் போட்டு வைத்தால் தப்பும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லையும் உண்டு. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 85 குறியீடுதான். 'பு' என்பதே இரண்டு குறியீடு. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் ஐம்பதை ஒட்டியே எல்லை முட்டிவிடும். விண்டோஸ் அப்படிப் பைட் கணக்கு பார்ப்பதில்லை. அங்கே வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் போனுக்கு வரும்போது 'பெயர் நீளம்' என்று சிக்கி நிற்கும். மறுபக்கம், லினக்ஸில் '10:30' என்று முக்காற்புள்ளி போட்டு வைத்த பெயரை விண்டோஸ் ஏற்காது. 'பொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கும் மற்றவையும் இதில் வேறுபடும். சின்க்திங்கில் இதைச் சீராக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கும், அதை அணைக்காதீர்கள்.

இனி நெட்வொர்க். பிஜி விடுதிகளிலும் அலுவலக வைஃபையிலும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே அறையில் இருந்தும் இணையாததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வீட்டு இணைப்பிலோ நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். ரவுட்டரில் 22000 போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயன் இருக்காது. அப்போது தரவு, தன்னார்வலர்கள் நடத்தும் ரிலே என்ற இடைநிலைச் சர்வர் வழியாகப் போகும். ரிலேயால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, ஆனால் வேகம் படுத்துவிடும். கருவியின் விவரத்தில் இணைப்பு வகை 'ரிலே' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இரு முனையிலும் ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி இருந்தால் நேரடி இணைப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால், உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போட்டு, அது தரும் முகவரியைக் கருவியின் முகவரிப் பெட்டியில் எழுதிவிடலாம். 8384 போர்ட்டில் வரும் சின்க்திங் நிர்வாகப் பக்கத்தை மற்றக் கருவிகளிலிருந்து பார்க்கத் திறக்கிறீர்கள் என்றால், கடவுச்சொல் வைத்த பிறகே திறங்கள்.

போனில் ஒத்திசைவு நின்று நின்று ஓடினால் ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி அமைப்புகளில் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதி கொடுங்கள். கெடுப்பது பெரும்பாலும் அதுதான், சின்க்திங் அல்ல.

கடை வைத்திருப்பவர்கள் டேலி கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டரை ஒத்திசைக்கக் கேட்பார்கள். வேண்டாம். திறந்திருக்கும் தரவுத்தளத்தின் ஒரு கோப்பு புதிதாகவும் இன்னொன்று பழையதாகவும் போய்ச் சேர்ந்தால் முழுத் தரவும் கெடும். டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் கோப்பை மட்டும் ஒத்திசையுங்கள். அவுட்லுக் மின்னஞ்சல்களை வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பையும் இப்படித் திறந்திருக்கும்போது ஒத்திசைக்க வேண்டாம். ஒரே எக்செல்லை இரு இடத்தில் திருத்தினால் எதுவும் தொலையாது. திருத்திய நேரம் பழையதாக உள்ள பிரதி, பெயரில் 'சின்க்-கான்ஃப்ளிக்ட்' என்றும் தேதியும் ஒட்டிப் பக்கத்திலேயே நிற்கும். வாரம் ஒருமுறை அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

2025-இல் வந்த சின்க்திங் 2.0 பதிப்பு தன் தரவுத்தளத்தை எஸ்க்யூலைட் என்ற வேறு வகைக்கு மாற்றுகிறது. முதல் தொடக்கம் நெடுநேரம் எடுக்கும், நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். அழித்த கோப்புகளின் நினைவை அது 15 மாதத்துக்குப் பின் விட்டுவிடும். அதற்கும் மேலாக அலமாரியில் கிடந்த லேப்டாப்பை இணைத்தால் அழித்ததெல்லாம் திரும்பி வரும்.

கடைசியாக, வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி. சேலத்திலோ வேலூரிலோ பெற்றோர் வீட்டுக் கணினியில் 'ரிசீவ் என்கிரிப்டட்' வகையில் வைத்தால், அங்கே யார் திறந்தாலும் கோப்புப் பெயர்கூடத் தெரியாது. அதற்கான கடவுச்சொல்லை மீட்டுத் தர யாராலும் முடியாது. தாளில் எழுதி, அந்தக் கணினி இருக்கும் வீட்டில் அல்லாமல் இங்கே பீரோவில் பத்திரத்தோடு வையுங்கள். எழுதிய அன்றே ஒரு சோதனைக் கோப்பைப் போனில் அழித்து, வீட்டுக் கருவியின் வெர்ஷன் பட்டியலிலிருந்து அதை மீட்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.